நூல்காரியின் தலை

அவளுடைய மண்டைக்குள் என்ன இருக்கிறது என்பது கட்டிக்கொண்ட புருஷனைவிட ஆஸ்பத்திரி கீழ்த்தளத்து ஸ்கேன் டெக்னீஷியனுக்குத்தான் நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காக அவளுடைய தலையை அவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நோய் நொடி ஒன்றும் கிடையாது. அந்த எம்.ஆர்.ஐ. மெஷினைக் கழற்றி மாட்டினாலோ, அதன் மென்பொருளைப் புதுப்பித்தாலோ, நோயாளியைப் படுக்க வைப்பதற்கு முன்னால் ஓர் ஆரோக்கியமான தலையை உள்ளே விட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். அந்தத் தலை அவளுடையது. காதோலையையும் வளையலையும் கழற்றி டெக்னீஷியனின் டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுவிட்டு, போய்ப் படுத்துக்கொள்வாள். மெஷின் தடதடவென்று இரைச்சல் போடும். அவள் பாதி நேரம் தூங்கிப்போவாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நூல்காரி என்று பெயர். டெக்னீஷியன் செல்லமாக "நூலு" என்பார். தலை திறக்கிற சர்ஜன் மட்டும் மரியாதையாக "நூலம்மா" என்பார். பௌதிகம் படித்து, அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவள். மூளைக்குள் ஓடுகிற நரம்பிழைகள் எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக எங்கே போகின்றன என்று வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

அந்த இழைகளை எந்த ஸ்கேனும் நேராகப் பார்ப்பதில்லை. மூளை முழுக்க ஈரம். அந்த ஈரம் இழையோடு சுலபமாக நகரும். இழைக்குக் குறுக்கே நகரச் சிரமப்படும். துணியின் ஓரத்தைத் தண்ணீரில் நனைத்தால் ஈரம் நூல் வழியாக ஏறுகிறது அல்லவா, அதுபோல. மெஷின் மூளையைப் பொடிப்பொடியான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஈரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அளந்து சொல்லும். கட்டத்துக்கு ஓர் அம்புக்குறி. அம்போடு அம்பைக் கோத்துக்கொண்டே போனால் நூல். கம்ப்யூட்டர் கோத்துவிடும்தான். ஆனால் இல்லாத நூலையும் கூச்சமே இல்லாமல் கோத்துக் காட்டும். அதைப் பிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

எந்தப் படம் வந்தாலும் முதலில் அவள் நெற்றிப் பக்கத்தைப் பார்ப்பாள். அங்கே இடது மூளையையும் வலது மூளையையும் சேர்க்கிற இழைகள் இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்து முன்னே வரும். கொம்பு ஒழுங்காக வளைந்திருந்தால் மீதியை நம்பலாம். தன்னுடைய கொம்பைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வமே உண்டு.

"என் முன்கொம்பு மாதிரி அழகா இந்த ஆஸ்பத்திரியில எவனுக்கும் இல்ல, தெரியுமா?" என்றாள் ஒருநாள் புருஷனிடம்.

அவர் பம்பு மெக்கானிக். கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்குக் கொம்பு இருக்கிற விஷயம் எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்."

அந்த வருஷம் மெஷினுக்குப் பெரிய சர்வீஸ் நடந்தது. மென்பொருளையும் மாற்றினார்கள். அந்த வாரம் பார்த்து அவளுக்கு இருமல். சாதாரண இருமல்தான், ஆனால் விடாத இருமல். ஸ்கேனுக்குள் படுத்தவர் இருமினால் படம் கலங்கிவிடும், உபயோகமில்லை.

"என் தலையை வச்சுக்கோயேன்," என்றார் டெக்னீஷியன்.

"உங்க தலைய நான் பார்த்ததே இல்லையேண்ணே. எதோட ஒப்பிடறது?"

"பார்க்க ஒண்ணும் இல்லன்னுதான் என் பெண்டாட்டியும் சொல்றா."

"என் தலைன்னா ஒவ்வொரு இழையும் எனக்கு மனப்பாடம். ரெண்டு நாள் பொறுங்க, இருமல் நின்னுடும்."

இருமல் நிற்கவில்லை. அதற்குள் ஏலக்காரர் வந்துவிட்டார்.

அவர் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். விடியற்காலையில் மூட்டைகளின் மேல் ஏறி நின்றுகொண்டு மூச்சு விடாமல் கத்துகிற தொழில். சில மாதமாகப் பேச்சு நடுவில் அறுந்துபோகத் தொடங்கியிருந்தது. ஒருநாள் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். இடப்பக்கம், காதுக்கு மேலே சற்றுப் பின்னால், ஒரு கட்டி. வளர்கிற ஜாதி. எடுத்தாக வேண்டும். பேச்சைக் கொண்டுபோகிற இழைக் கற்றை அந்த வட்டாரத்தில்தான் வளைந்து ஓடுகிறது. அது கட்டியின் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பதுதான் சர்ஜனின் கேள்வி. அதற்கு எதிர்ப்பக்கமாகப் போனால் பிழைத்தார். அறுத்துவிட்டால் ஆள் இருப்பார், பேச்சு இருக்காது.

அவள் படம் போட்டாள். முதலில் நெற்றிப் பக்கம் பார்த்தாள். கொம்புகள் உடைந்து சிதறிக் கிடந்தன. 'கட்டியைச் சுற்றி இவ்வளவு வீக்கம், எல்லாத்தையும் நெருக்கித் தள்ளியிருக்கு' என்று நினைத்துக்கொண்டாள். பேச்சுக் கற்றையும் பாதியில் அறுந்து, மிஞ்சிய கொஞ்சம் நூல்கள் கட்டியின் முன்பக்கமாக ஒதுங்கியிருந்தன. பின்பக்கம் வெறுமை. அதைத்தான் சர்ஜனிடம் சொன்னாள்.

சர்ஜன் திட்டம் போட்டார். பின்பக்கம் காலி என்பதால் ஏலக்காரரைத் தூங்க வைத்தே அந்தப் பக்கமாகக் கட்டிக்குள் போவது. முன்பக்கத்தை நெருங்கும்போது மட்டும் எழுப்பிப் பேச வைத்துக்கொண்டே அறுப்பது. மூளைக்கு வலி தெரியாது. விழித்திருக்கிறவரிடம் பேச்சுக் கொடுத்தபடியே வேலை செய்யலாம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் படிக்கட்டில் ஏலக்காரர் பெண்டாட்டி அவளை மடக்கிக்கொண்டாள்.

"நீதானேம்மா அந்த நூல் படம் போடற பொண்ணு? அவரு பேச்சு போயிடாதில்ல? முப்பது வருஷமா அந்த ஆளோட சண்டை போட்டே எனக்குப் பொழுது போயிடுச்சு. பதில் பேசாத ஆளோட நான் என்ன செய்வேன் சொல்லு."

நோயாளி வீட்டாரிடம் அவள் எப்போதும் ஒரு வார்த்தையும் சொல்கிறவள் இல்லை. டாக்டரைக் கேளுங்கள் என்று நகர்ந்துவிடுவாள். அன்றைக்கு அந்த அம்மாளின் கை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆகாதும்மா. பின்பக்கம் சும்மாதான் கிடக்கு. அந்த வழியாதான் போறாங்க," என்றாள்.

மறுநாள் காலையில் எழுந்தபோது இருமல் மட்டுப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதும், முதல் நோயாளி வருவதற்குள் முடித்துவிடலாம் என்று வளையலைக் கழற்றி டிபன் மூடியில் போட்டாள். மாடியில் அதே நேரத்தில் ஏலக்காரருக்கு மயக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கேன் முடிந்து, கையில் டீயோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். தன் தலை திரையில் திரும்பி வந்தது. கொம்புகள் உடைந்து கிடந்தன.

அவளுடைய கொம்புகள்.

டீயைக் கீழே வைத்தாள். திரையைப் பார்த்தபடியே வைத்ததில் மேஜையில் கொட்டியது.

"அண்ணே, இங்க வாங்க."

"என்ன, இருமிட்டியா?"

"இருமல. நான் அசையவே இல்ல. இதப் பாருங்க."

டெக்னீஷியன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "உன் தலைக்கு என்ன ஆச்சு?"

"என் தலைக்கு ஒண்ணும் ஆகல."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. புது மென்பொருள் படத்தை மாற்றவில்லை. படம் அச்சுப் பிசகாமல் சரியாக இருக்கிறது. அம்புக்குறிகளின் கணக்கை மட்டும் இடவலமாகப் புரட்டி எழுதிக் கொடுத்திருக்கிறது, கண்ணாடியில் பார்ப்பதுபோல. நேராக முன்பின்னாக ஓடுகிற நூலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சாய்ந்து ஓடுகிற நூல் எதிர்ப்பக்கம் சாயும். வளைகிற நூல் வளைய முடியாமல் அறுந்துபோகும். பேச்சுக் கற்றை முழுக்க வளைவு.

இன்னொன்றும் புரிந்தது. ஏலக்காரரின் வீக்கம் இடப்பக்கம், பின்னால். அவருடைய வலது முன்கொம்பு எதற்காக உடைய வேண்டும்? நேற்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. படம் அவளிடம் கத்திச் சொன்னது. இவள் வீக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் படிக்கட்டில் நின்று ஒரு பெண்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

"தியேட்டருக்குப் போன் போடுங்கண்ணே."

"என்னன்னு சொல்ல?"

"போடுங்க, நான் பேசறேன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் ஒரு கையால் கணக்கில் ஒரு கழித்தல் குறியைச் சேர்த்துத் தன் தலையை மறுபடி ஓட விட்டாள். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நிற்கும்போதே கொம்புகள் ஒவ்வொரு இழையாக வளைந்து வந்து சேர்ந்தன. பழைய அழகு. அவளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எதிர்முனையில் தியேட்டர் நர்ஸ். "டாக்டர் கை கழுவியாச்சு. எலும்பு திறந்துட்டு இருக்காங்க. அப்புறம் கூப்பிடுங்க."

"சிஸ்டர், வைக்காதீங்க. பின்பக்கமா உள்ள போக வேண்டாம்னு சொல்லுங்க. இப்பவே."

"யாரு சொன்னாங்கன்னு சொல்லட்டும்?"

"நூல்காரி சொன்னான்னு. நேத்து குடுத்த படம் தப்புன்னு. தப்பு என்னோடதுன்னு."

அந்தப் பக்கம் உபகரணங்களின் சத்தம் கேட்டது. பிறகு யாரோ ரிசீவரை சர்ஜனின் காதருகே பிடித்திருக்க வேண்டும்; அவர் குரல் தூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது.

"நூலம்மா, மண்டையில ஜன்னல் திறந்தாச்சு. தலை என் முன்னால இருக்கு. நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல மூணாவதா ஒண்ணு வருமா? நான் எதை நம்பறது?"

"ரெண்டையும் நம்பாதீங்க டாக்டர். அவரு வாயை நம்புங்க. இப்பவே எழுப்பிடுங்க. பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துட்டு, அப்புறம் முடிவு பண்ணுங்க."

போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

முழு மூளையையும் கோத்துக்கொண்டிருக்க நேரமில்லை. பேச்சுக் கற்றையை மட்டும், கட்டியைச் சுற்றி மட்டும் ஓட விட்டாள். திரையில் ஒரு கோடு மெதுவாக நிரம்பிக்கொண்டு போனது. டெக்னீஷியன் மேஜையில் கொட்டிய டீயைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "என் தலையை வச்சிருக்கலாம் நீ," என்றார் ஒருமுறை. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் அதற்கப்புறம் அதைச் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, என்றைக்கும் சரி.

நூல்கள் வந்தன. கற்றை அறுந்திருக்கவே இல்லை. முழுசாக, தடிப்பாக, கட்டியின் பின்பக்கத்தை அணைத்தபடி வளைந்து கீழே இறங்கியது. கத்தி நுழைவதாக இருந்த அதே இடத்தில்.

படத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு படியேறினாள். தியேட்டருக்கு வெளியே நாற்காலியில் ஏலக்காரர் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தாள். இவள் தலையைக் குனிந்துகொண்டு கதவைத் தள்ளி உள்ளே போனாள். ஒன்றும் ஆகாது என்று சொன்னவள் ஓட்டமாக ஓடி வருவதைப் பார்த்தால் அந்த அம்மாளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று பிறகுதான் நினைத்துப் பார்த்தாள்.

பச்சை அங்கி, தொப்பி, முகமூடி. உள்ளே குளிர். படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். சர்ஜன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, அதில் எதுவும் தெரியவில்லை.

ஏலக்காரரை எழுப்பிவிட்டிருந்தார்கள். தலை சட்டத்தில் இறுக்கியிருக்க, பக்கவாட்டில் படுத்துக்கிடந்தார். துணித் திரைக்கு இந்தப் பக்கம் முகம், அந்தப் பக்கம் திறந்த மண்டை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் முகத்தருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டினாள். சர்ஜன் மெல்லிய மின்சாரக் கோல் ஒன்றால் மூளையை அங்கங்கே தொட்டார். தொட்ட இடத்தில் பேச்சு நின்றால், அது கை வைக்கக்கூடாத இடம்.

"இது என்ன?"

"குடை."

"இது?"

"நாற்காலி. ஏம்மா, என்னைப் பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டீங்களா?"

"சொல்லுங்கய்யா. இது?"

"பூட்டு." நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது, மயக்கத்தின் மிச்சம். ஆனால் ஆள் பழைய ஆள்தான். "இப்படிக் காட்டினா யார் வாங்குவான்? நான் சொல்றேன் பாருங்க. பூட்டு! சாவி இல்லாத பூட்டு! திறக்கத் தெரிஞ்சவன் எடுத்துக்கலாம்!"

மயக்க டாக்டர் முகமூடிக்குள் சிரித்தார். "விடுங்க, பேசட்டும்," என்றார் சர்ஜன். கோல் பின்பக்கமாக நகர்ந்தது.

"கேக்கறவங்க கேளுங்க! நல்ல பூட்டு, கனமான பூட்டு! ஒரு தரம்!"

கோல் ஒரு நூலிழை நகர்ந்தது.

"ரெண்டு தரம்!"

கோல் தொட்டது.

பேச்சு நின்றது. வாய் திறந்தே இருந்தது. உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, கண் அந்தப் பெண்ணையே பார்த்தது. ஒரு சத்தமும் வரவில்லை. அறையில் இதயத் துடிப்புக் கருவி மட்டும் டிக் டிக் என்றது. நூல்காரிக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் இருமல் திரண்டு வந்தது. கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. இருமலா வேறா என்று அவளுக்கே தெரியாது.

சர்ஜன் கோலை எடுத்தார்.

"மூணு தரம்!" வெளியே வந்து விழுந்தது வார்த்தை, அணை உடைந்த மாதிரி. உடனே, குழந்தை போல: "நடுவுல எங்க போனேன் நான்?"

"இங்கதான் இருக்கீங்க," என்றாள் அந்தப் பெண்.

சர்ஜன் அதே இடத்தை இன்னொரு முறை தொட்டார். மறுபடி பேச்சு நின்றது. எடுத்தார், வந்தது. அந்த இடத்தில் பொடியான ஒரு காகிதத் துண்டை அடையாளமாக ஒட்டினார். திரையில் கற்றை வளைந்து ஓடிய இடமும் காகிதம் ஒட்டிய இடமும் ஒன்று. அவர் திரும்பவில்லை. "உங்க நூல் இங்கதான் இருக்கு, நூலம்மா," என்றார். கோபம் தணியவில்லை, ஆனால் பெயரோடு ஒட்டிய 'அம்மா' விட்டுப்போகவில்லை. "முன்பக்கமா போறோம். நீங்க நில்லுங்க. போயிடாதீங்க."

அதே ஜன்னலின் இன்னோர் ஓரத்திலிருந்து போனார்கள். ஏலக்காரர் குடையை விற்றார், நாற்காலியை விற்றார், கடைசியில் சர்ஜனையே ஏலம் விட்டார். கேட்க ஆளில்லை என்று அவரே முடித்தும் வைத்தார். பின்பக்க நூலோடு ஒட்டிக்கிடந்த ஒரு துண்டுக் கட்டியை சர்ஜன் எடுக்கவில்லை. மருந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அவள் கடைசிவரை நின்றாள், கால் மரத்துப்போனது.

வெளியே வந்து ஏலக்காரர் பெண்டாட்டியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். நேற்றுச் சொன்னது தப்பு என்றும், அந்த வழியாகப் போயிருந்தால் பேச்சு போயிருக்கும் என்றும். அந்த அம்மாள் அசையாமல் கேட்டாள்.

"அவரு பேசறாரா இப்ப?"

"பேசறாரும்மா."

"அப்புறம் இதை எதுக்கு என்கிட்ட சொல்ற? உன் பாரத்தை இறக்கி வைக்கவா? என்கிட்ட இடமில்லம்மா. எனக்கே ஏகப்பட்டது இருக்கு."

அவள் கீழே போய் வளையலைப் போட்டுக்கொண்டாள். அன்று வீட்டில் புருஷன் "கொம்பு எப்படி இருக்கு?" என்று வழக்கம்போலக் கேட்டபோது, "பேசாம இருங்க," என்றாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

விசாரணை நடந்தது. மேலிடத்தில் யாரும் அவளைத் தூக்கில் போடவில்லை, பாராட்டவும் இல்லை. மென்பொருள்காரர்கள் வந்து சரிசெய்தார்கள். ஒரு விஷயத்தை மட்டும் அவள் பிடிவாதமாக மாற்றினாள். சர்வீஸ் முடிந்தால் அன்றைக்கே ஒரு தலை உள்ளே போக வேண்டும். யார் தலையாக இருந்தாலும் சரி. கொம்பு எல்லோருக்கும் இருக்கிறது. அடுத்த சர்வீஸில் முதல் ஆளாக டெக்னீஷியனைப் படுக்க வைத்தாள். படம் வந்ததும் அவர் வீட்டுக்குப் போன் போட்டு, "அண்ணி, உள்ள இருக்கு! கண்ணால பார்த்துட்டேன்!" என்றாள்.

ஏலக்காரருக்கு ஒரு குறை மட்டும் கொஞ்ச காலம் இருந்தது. சில பொருள்களுக்குப் பக்கத்துப் பொருளின் பெயர் வரும். தட்டு என்பதற்குக் கிண்ணம் என்பார். மறுபரிசோதனைக்கு வரும்போது நூலம்மா என்று கூப்பிட நினைத்தவர், "கயித்தம்மா" என்றார். அவள் திகைத்துப்போனாள். அப்புறம் சிரித்துவிட்டாள். மற்ற வார்த்தைகளெல்லாம் சரியான பிறகும் அவர் அவளைக் கயித்தம்மா என்றுதான் கூப்பிட்டார். "அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு, வேணும்னே சொல்றாரு," என்பாள் பெண்டாட்டி. ஆறு மாதத்துக்கொரு முறை வருவார்கள். விட்டுவைத்த துண்டு வளரவில்லை என்று பார்த்துச் சொல்வது அவள்தான். ஒவ்வொரு முறையும், சொல்வதற்கு முன்னால், முன்கொம்பை இரண்டு தடவை பார்ப்பாள்.

சில வருஷம் கழித்து அவள் செத்துப்போனது நெஞ்சில் வந்த வலியால். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், செருப்பை மாட்டக் குனிந்தவள், எழுந்திருக்கவில்லை. தலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அவளுடைய சாமான்களை எடுத்துப்போகப் புருஷன் கீழ்த்தளத்துக்கு வந்தபோது, டெக்னீஷியன் கம்ப்யூட்டரில் அவள் தலையைத் திறந்து காட்டினார். சிவப்பும் பச்சையும் நீலமுமாக நூல்கள். புருஷன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல அவ கோவம் எங்க இருக்கும்?"

"அதெல்லாம் இதுல தெரியாதுங்க."

"கொம்பு?"

டெக்னீஷியன் விரலால் காட்டினார். புருஷன் தலையை ஆட்டினார்.

அதற்கு முன்பே, சாவு விழுந்த அன்றைக்கே, ஏலக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார், பெண்டாட்டியோடு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நூல்காரியின் காலடியில் நின்றார். மார்க்கெட் முழுக்கக் கேட்கிற குரல் உடையவர். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பெண்டாட்டிக்குப் பயம் வந்துவிட்டது. பழையபடி வாய் அடைத்துக்கொண்டதோ என்று அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"நூலம்மா," என்றார் அவர்.

பெண்டாட்டி அவர் முழங்கையை விட்டுவிட்டு, முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.